முழங்கால்

“அறுநூறு இல்ல டெரெக், எழுநூத்திப் பன்னெண்டு விக்கெட். பத்திரிகைக்காரன்கிட்ட ஒழுங்கா சொல்லு. போய்ச் சேந்த மனுஷன்கிட்டயுமா கஞ்சத்தனம்?”

“சொல்றேன் அண்ணி. அண்ணன் போட்ட வேகத்துக்கு, பந்து வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பேரு தூங்கித்தான் அவுட் ஆனாங்க. அதையும் சொல்லட்டுமா?”

எட்னா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அவள் மகள் ஜாய்ஸ் சிரிக்கவில்லை. கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எட்னாவின் கணவர் ஆர்னல்ட் ஹாஸ்லம் அன்று நண்பகலில்தான் இறந்திருந்தார். படியேற முடியாததால் முன்னறையிலேயே அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். இப்போதும் அதில்தான் கிடந்தார். பதினாறு கோடைகள் கவுண்டி அணிக்குப் பந்து வீசி, ஏழாவது ஆளாக மட்டையும் பிடித்தவர். இங்கிலாந்து அணியிலிருந்து அழைப்பு வந்ததில்லை. ஆனால் அவரைப் பற்றி ஒன்றை எல்லா மைதானத்திலும் சொல்வார்கள். பந்து மட்டையில் உரசிப் பிடிபட்டால் நடுவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார், நடையைக் கட்டிவிடுவார். எதிரணி கத்தாதபோதும்கூட.

காலையில் நினைவு வந்தபோது, பேச்சு எழாமல், போர்வைக்குள் வலது முழங்காலைச் சிரமப்பட்டு உயர்த்தி அதைக் கையால் தொட்டார். பார்வை ஜாய்ஸ் மேலேயே இருந்தது.

“முட்டி வலிக்குது, பாவம். எவ்வளவு பந்து போட்ட காலு!” எட்னா தைலம் எடுத்துவந்து தேய்த்தாள். அவர் மறுபடி காலை உயர்த்தித் தொட்டார். மறுபடியும்.

அது வலியல்ல என்று ஜாய்ஸுக்குத் தெரியும். பந்து மட்டையில் படாமல் காலில் பட்டு ஓடிய ரன்னுக்கு நடுவர் காட்டும் சைகை அது. அந்த ரன் அணிக்குச் சேரும், ஆட்டக்காரருக்குச் சேராது. பார்த்துவிட்டேன் என்று ஸ்கோர் எழுதுபவர் கை உயர்த்த வேண்டும். அதுவரை நடுவர் ஆட்டத்தைத் தொடர விடமாட்டார்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், செஸ்டர்ஃபீல்ட் மைதானத்தில், ஸ்கோர் எழுதுபவருக்குக் காய்ச்சல் என்று கவுண்டி அலுவலகத்தில் வேலை பார்த்த ஜாய்ஸை உட்காரவைத்தார்கள். அப்பா தொண்ணூற்றொன்பதில் நின்றார். அவர் நூறு அடித்ததே இல்லை. பந்து காலில் பட்டு உருண்டது, ஓடிவிட்டார்கள். நடுவர் முழங்காலைத் தொட்டார். ஜாய்ஸ் கை உயர்த்தினாள். பக்கத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்த எதிரணிக் கணக்கர் நிமிர்ந்து, “மட்டையா?” என்றார்.

“மட்டைதான்.”

அவ்வளவுதான் சொன்னாள். அணியின் மொத்தம் எப்படியும் ஒன்றுதான், இருவர் ஸ்கோர் புத்தகங்களும் ஒத்துப்போயின. பலகை நூறு என்று திரும்பியதும் மைதானமே எழுந்து நின்றது. அப்பா பலகையைப் பார்த்தார். பிறகு ஸ்கோர் அறையின் ஜன்னலை வெகுநேரம் பார்த்தார். மட்டையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கவில்லை. அடுத்து அவர் எதிர்கொண்ட பந்து நேராக வந்தது. மட்டையை விலக்கிக்கொண்டு ஸ்டம்பில் பட விட்டார்.

அன்று மாலை அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கிளப் ‘நூறு’ என்று பொறித்துக் கொடுத்த வெள்ளித் தட்டை மட்டும் அவ்வப்போது சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். அம்மா அதை நேராக்குவாள். அந்த மௌனத்தை மன்னிப்பு என்று ஜாய்ஸ் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அதுதான் வசதியாக இருந்தது.

காலையில் மூன்றாம் முறை அவர் தொட்டபோது அவள் ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும். அம்மா எதிரே தைலப் புட்டியோடு நின்றாள். ஜாய்ஸ் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். முழங்கால் மெல்லச் சரிந்தது. அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

“ஜாய்ஸ், இங்க வா!” டெரெக் கூடத்திலிருந்து ரிசீவரை நீட்டினார். “அண்ணன் அடிச்ச அதிகபட்ச ரன் எவ்வளவுன்னு கேக்குறான். நீதான அன்னைக்கு எழுதுன? நீயே சொல்லு, தாயே. நான் சொன்னா நூத்தம்பதுன்னு அளந்துடுவேன்.”

ஈரக் கையோடு வாங்கிக்கொண்டாள். “மேடம், லைன்ல இருக்கீங்களா?” என்றது ரிசீவர்.

எட்னா வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நின்றாள். ஏப்ரன் நுனியால் அந்த நூறைத் துடைத்தாள். விரல்களில் இன்னும் தைல வாசனை.

“உன் வாயால சொல்லு ஜாய்ஸ்,” என்றாள். “நான் ஒரு தடவ கேக்கணும்.”