குமகாவா குனிந்த நேரம்

மேற்கு மலைமேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜப்பானில் பத்து வருடம் கால்பந்தில் நடுக்களத்தில் ஆடி, முழங்கால் போனதும் மேனேஜரான குமகாவா, 1974இல் போடிக்கு ஏலக்காய் வாங்க வந்த இடத்தில் கோம்பைக் கால்பந்து அணிக்கும் மேனேஜரானார். பக்கத்து ஊரான தேவாரத்து அணியிடம் தோற்றால் மீசையை எடுப்பதாகச் சபதம் போட்டிருந்தான் கோம்பை அணித் தலைவன் ஒச்சாண்டி.

அந்த வருடமே நடந்த ஆட்டத்தில் கடைசி நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. ஒச்சாண்டிக்கு மேலுதடு குளிர ஆரம்பித்துவிட்டது. அப்போது பார்த்து அவன் தேவாரத்துக் கோல்கீப்பரை இடித்துவிட, கோட்டோரம் நின்ற குமகாவா தம் நாட்டு வழக்கப்படி மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார்.

“ஐயையோ, வயசுல பெரியவுக நம்ம கால்ல விழுறாக! ஆயுசு கொறைஞ்சு போகும், தூக்குங்கடா!” என்று கோலை விட்டு ஓடினான் கீப்பர்.

“நல்லாத் தூக்குலே!” என்றபடி ஒச்சாண்டி பந்தை உள்ளே தள்ளினான். மீசை பிழைத்தது.

ஒரே ஒரு சங்கதிதான் இடிக்கிறது: ஒச்சாண்டி கால்பந்து என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது 1975இல்.