அக்கரைக் கிளையின் தாமதம்

குடிநீர் வாரியத்தில் பழைய கணினிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னப் பெட்டிகள் வைத்த ஆண்டிலிருந்து, ஆற்றுக்கு அக்கரைக் கிளையில் வேலை பார்த்தவர்களிடம் காலையில் எதையாவது கேட்டால் சாயங்காலம்தான் பதில் வந்தது. பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் தலைமை அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர். அவர் மனைவி அக்கரைக் கிளையில் எழுத்தர். கேள்விப்பட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அதற்கு மேல் யாருக்கும் நேரமில்லை.

தின் கிளையன்ட் என்கிற அந்தப் பெட்டிக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் தலைமை அலுவலகத்து சர்வருக்குப் போய், அங்கே யோசிக்கப்பட்டு, திரைக்குத் திரும்பி வரவேண்டும். மூன்று கம்பெனிகள் மாதிரிப் பெட்டிகள் அனுப்பியிருந்தன. பொறுப்பாளர் மூன்றையும் சர்வர் அறையிலேயே, சர்வருக்குப் பக்கத்து மேசையில், முழ நீளக் கேபிளில் மாட்டிச் சோதித்தார். ஏசி அங்கேதான் இருந்தது. மூன்றும் பறந்தன.

"எதுய்யா தேறும்?" என்றார் மேலாளர்.

"எல்லாமே தேறும் சார்."

"அப்ப சத்தம் போடாததா பாத்து வாங்குய்யா. வீட்லதான் நிம்மதியில்ல."

விசிறி இல்லாத, உள்ளங்கை அளவுப் பெட்டி வந்தது. அக்கரைக்குப் போகும் நீளக் கம்பியை யாரும் நினைக்கவில்லை. அதன் மறுமுனையில் தன் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பொறுப்பாளரும் நினைக்கவில்லை.

முதலில் தாமதம் திரையில் மட்டும் இருந்தது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் அது வந்து உட்கார்ந்திருக்கும். பிறகு ஆட்களுக்குள் இறங்கியது. "ஏன் டல்லா இருக்க?" என்று பொறுப்பாளர் கேட்டதற்கு, மனைவி மறுநாள் சிரித்துக்கொண்டே தலை வாரும்போது, "தலைவலிங்க" என்றாள். வாரியம் அதே கம்பியில் வருஷா வருஷம் இன்னும் பெட்டிகளை மாட்டியது; தாமதம் வாரமாகி, மாதமாகி, வருஷத்தைத் தாண்டியது. தன் அண்ணனின் சாவு வீட்டில், புருஷன் எப்போதோ சொன்ன மொக்கை ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணனுக்கான அழுகை மகளின் கல்யாண மண்டபத்தில் வந்து சேர்ந்தது. சம்பந்தி வீட்டார் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேலையை விட்டு நின்ற பிறகும் அது அவளை விடவில்லை. சர்வருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் சரியாகலாம் என்று பொறுப்பாளருக்குத் தோன்றிய வாரம்தான் சர்வரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று பெட்டி விற்ற கம்பெனிக்காரனுக்கே தெரியவில்லை.

பிறகு அவர் நோயில் படுத்தார். அவள் தாமதம் இரண்டு வருஷம். டாக்டர் அவருக்குக் கொடுத்தது ஒரு மழைக்காலம்.

"பயமா இருக்குடி. கொஞ்சம் கையப் பிடிச்சுக்கோ."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஆமாங்க, அந்த நீலப் பொடவையே எடுத்துக்கலாம்." இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணத்துக்காகக் கடையில் அவர் கேட்டதற்குப் பதில்.

"எடுத்துக்கோ. உனக்கு நல்லாருக்கும்," என்றார்.

பிறகு மகளைக் கூப்பிட்டார். "உங்கம்மா கைய நீட்டுவா. அப்ப நான் இருக்க மாட்டேன். நீ கட்டிலத் தூக்கிப் போட்டுடாத."

"என்னப்பா, பெட்டிக்கு ஆர்டர் குடுக்கற மாதிரி பேசற?"

"தூரத்த அளந்துட்டுதாம்மா சொல்றேன். இந்தத் தடவையாவது."

மழை விடுவதற்குள் போய்விட்டார்.

அவர் அன்று கேட்டதிலிருந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில், காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "இங்கதாங்க இருக்கேன், இந்தாங்க," என்று கையை நீட்டினாள். அந்தரத்தில் நின்ற கைக்கு அடியில் மகள் தலையணையை நகர்த்தி வைத்தாள். கை அதைப் பற்றிக்கொண்டது. அவர் போனதற்கான அழுகை வர இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மகள் அடுக்களைக்குப் போய் மீதிக் காயை நறுக்கினாள்.