சுவருக்குள் இருந்த கரும்பலகை

மாரீஸ்வரனின் காரியம் முடிந்த மறுவாரமே ஜீப் ஓட்டுநர் சங்கத்தார் சிலமலை ஊரில் அவன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தலைவர் அமாவாசையும் செயலாளர் ஜக்கையனும் நாற்காலியில் உட்கார, முத்துப்பிரியா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் விஜயகுமார் டீ வாங்கி வந்து கொடுத்தான்.

"மாரீஸ்வரன் படம் ஒண்ணு வேணும் ஆத்தா. அவன் பேர்ல இளைஞர் அணி ஆரம்பிக்கிறோம்" என்றார் அமாவாசை.

"எளவட்டம் ஒருத்தனும் சேர மாட்டேங்கிறான். இருக்கிறவன் பூராம் மூட்டுவலிக்காரன்" என்றார் ஜக்கையன். "பனியன் அடிச்சுக் குடுத்து, கிரிக்கெட் போட்டி ஒண்ணு வச்சா பயலுக வருவாங்க. நீ வந்து குத்துவிளக்கு ஏத்தணும்."

அவளுடைய கணவன் மாரீஸ்வரன் அந்தச் சங்கத்தில் உறுப்பினனே இல்லை. ஒரு தடவை சேரப் போனான். புதிதாகச் சேர்கிறவன் மூன்று வருடம் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது, ஸ்டாண்டில் கடைசி ஜீப்பாகத்தான் ஆள் ஏற்ற வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைச் சிலமலையிலேயே ஏற்றிக்கொண்டு நேராக மலைக்கு ஓட்டினான். அவனைப் போல இளவட்டங்கள் நிறையப் பேர்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் மலை உச்சியிலுள்ள போடிமெட்டிலிருந்து முதலில் இறங்கி வரும் ஜீப்புக்காரர், டீ குடிக்கும் முன்னே சங்க அறைக்குள் போய், உள்சுவரில் மாட்டிய கரும்பலகையில் மலைநிலவரத்தை எழுதிவிட வேண்டும். எந்த வளைவில் மூடுபனி, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். உறுப்பினர் அல்லாதவர் அந்த அறைக்குள் நுழைய முடியாது.

"அதைப் படம் பிடிச்சுப் போன்ல போடுங்க அண்ணே, எல்லாரும் பாத்துக்குவோம்" என்று மாரீஸ்வரன் ஜக்கையனிடம் கேட்டிருக்கிறான். "உள்ள வந்து பாருடா மாப்ளே, சேந்துட்டு வந்து பாரு" என்று அவர் சிரித்திருக்கிறார்.

அவன் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்த அன்று, வளைவில் பாறை கிடப்பது அந்தப் பலகையில் எழுதியிருந்தது. ஜீப்பிலிருந்த பெண்கள் கைகால் முறிந்து தப்பினார்கள். அவனை மட்டும் பிணமாகக் கயிறு கட்டித் தூக்கினார்கள்.

"படம் தர்றேன் மாமா" என்றாள் முத்துப்பிரியா. "பலகையில எழுதுறதை மலையேறுற எல்லாருக்கும் சொல்லிருங்க. அது போதும்."

"சேர்றவனுக்குக் கட்டாயம் போன்ல வரும். இப்பவே சொல்றேன்."

"சேராதவனுக்கு?"

அமாவாசை டீ கிளாசைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. மருத்துவமனையில் பிரேத அறை வாசலில் அவளுக்காக இரவு முழுவதும் நின்றவர்.

"எல்லாருக்கும் சும்மா குடுத்துட்டா அப்புறம் எவன் ஆத்தா சங்கத்துல சேருவான்? நாங்க கையில வச்சிருக்கிறது அது ஒண்ணுதான்."

"அப்ப படம் இல்ல மாமா."

ஆனால் படம் கிடைத்தது. விஜயகுமார் தன் போனிலிருந்து கொடுத்துவிட்டான். அவனும் வாடகை ஜீப் ஓட்டத் தொடங்கியிருந்தான். முதல் ஆளாகச் சேர்ந்தான். "எனக்காவது நிலவரம் வரட்டும் மதினி" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னபோது அவளுக்குத் திட்டவும் வாய் வரவில்லை. அவன் செத்துப் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

போடியில் ஒரு கடையில் அவளுக்கு ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. அதற்குப் போகும் முன், விடிந்தும் விடியாமலும் மலையடிவாரத்து முந்தலுக்குப் போய்ச் சாலையோரம் நிற்க ஆரம்பித்தாள். மலையிலிருந்து இறங்கும் பஸ்காரரிடமும் லாரிக்காரரிடமும் நிலவரம் கேட்டாள். ஏறுகிற ஜீப்புகளைக் கை காட்டி நிறுத்திச் சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள். சிலர், பாவம் புருசனைப் பறிகொடுத்தவள் என்று ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி மழை விடாத ஒரு காலையில் விஜயகுமார் ஜீப்பை நிறுத்தினான். போட்டிருந்த சங்கப் பனியனில் அவன் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மழையில நிக்காதீங்க மதினி. எனக்குத்தான் மெசேஜ் வந்துருதே. புலியூத்து வளைவுல மண்ணு."

"உனக்கு வருதுப்பா. நீ போ."

அவன் போன கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஜீப் பாட்டுச் சத்தத்தோடு வந்தது. ஓட்டுகிறவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பின்னால் பெண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பிரியா நடுரோட்டுக்கே போய் இரண்டு கையையும் தூக்கினாள். அவன் லாகவமாக ஜீப்பை ஒடித்து விலகிப் போனான்.

"மண்ணு சரிஞ்சு கிடக்கு! மெதுவாப் போகச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

பின்பக்கம் தொங்கிய பெண்ணொருத்தி மழைக்குக் கண்ணைச் சுருக்கி இவளைப் பார்த்து, இரக்கத்தோடு கையை விரித்தாள்.

"இடமில்லக்கா! அடுத்த ஜீப்புல வா!"