முன்னால் போட்ட பெயர்

போன் அலறியது. கல்லூரி அலுவலக எழுத்தர் செல்லப்பாண்டி பேசினார்.

“டாக்டரம்மா, ஆய்வுக் கட்டுரையில முதல் பேரு உங்களதா இருந்தாத்தான் அது உங்க கணக்குல சேருமாம். உங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. அஞ்சு மணிக்குள்ள சரிபண்ணலேன்னா வேலையே போயிருமுன்னு சொல்றாக.”

மணி நாலரை. உதவிப் பேராசிரியர் ஜெபஷீலா போனை வைத்தாள். கம்பம் ஊரில் ஜீப் பிடித்து மலையேறி, ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்து அவள் எழுதிய மூன்று கட்டுரைகளை இருநூறு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருந்தார்கள். மரியாதைக்காகத் துறைத்தலைவர் முத்துராஜாவின் பெயரை முன்னால் போட்டதும் அவள்தான்.

அவர் அறைக்கு ஓடினாள்.

“சார், ஆய்வு முழுக்க நான் செஞ்சதுன்னு ஒரு கடிதம் குடுங்க. கும்பிட்டுக் கேக்குறேன்.”

முத்துராஜா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“எப்படிம்மா குடுப்பேன்? நான் செஞ்சதுன்னு சொல்லித்தானே இந்த நாற்காலிக்கே வந்தேன்!”