நாலு மில்லிமீட்டர் பெயிண்ட்

பழைய கட்டடத்துக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறவர் காபியோடு பஜ்ஜியும் வாங்கித் தந்தால் உஷாராகிவிட வேண்டும். பென்னாகரம் கிருஷ்ணப்பன் வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தந்தார். நானும் நாலு தின்றுவிட்டு ஏணியில் ஏறினேன்.

அவருடைய கல்யாண மண்டபம் ஒரு காலத்தில் நிலக்கடலை மண்டி. கீழே மணமேடை, மாடியில் சாப்பாட்டுக் கூடம். மாடியைத் தாங்குவது ஆறு இரும்புக் கர்டர்கள், வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. மாடி முந்நூறு பேரைத் தாங்கும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால்தான் லைசென்ஸ் என்று தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். தர்மபுரியில் இந்த வேலைக்கென்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் மோனிஷா நான்தான்.

அந்தக் கர்டரை இப்போது எந்த ஆலையிலும் உருட்டுவதில்லை. இன்றைய அட்டவணையில் தேடினாலும் கிடைக்காது. அந்தக் காலத்து அட்டவணை வேண்டும், அங்குலமும் பவுண்டுமாக. என்னிடம் அதன் ஜெராக்ஸ் இருக்கிறது. கர்டரை அளந்து, எந்த வரியோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் அதன் பலம் தெரிந்துவிடும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பன்னிரண்டுக்கு ஆறு அங்குலத்தில் லேசானது, கனமானது என்று இரண்டு கர்டர்கள். உயரமும் அகலமும் இரண்டுக்கும் ஒன்றே. அடியில் படுக்கையாக இருக்கும் இரும்புப் பட்டையின் தடிப்புதான் வேறு: லேசானதில் பதினெட்டு மில்லிமீட்டர், கனமானதில் இருபத்திரண்டு. வைகாசியில் நான் அளந்தபோது இருபத்திரண்டு வந்தது. கனமானது என்று எழுதி, முந்நூறு பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அகலமும் நாலு மில்லிமீட்டர் கூடுதலாகத்தான் வந்தது. வெள்ளைக்காரன் கொஞ்சம் தாராளமாக உருட்டியிருப்பான் என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். கடைசி வாரம் கிருஷ்ணப்பன் போன் செய்தார். "இன்ஜினியரம்மா, உங்க சர்டிபிகேட்டுக்கு பிரேம் போட்டு மாட்டியிருக்கறன். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கதம்ப மாலையோடு தொங்கியது. நான் உயிரோடு இருக்கும்போதே என் கையெழுத்துக்கு மாலை போட்டுவிட்டார் மனுஷன்.

பெயிண்டர் சவரி ஏணியில் நின்று கர்டரில் உப்பியிருந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தட்டுவடை அளவுக்கு ஒரு சில்லு என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அடுக்கடுக்காக எத்தனை கலர்!

"இது என்னங்கண்ணா?"

"பெயிண்ட்டுதாங்க மேடம். எந்தக் கட்சி ஜெயிக்குதோ அந்தக் கலர அடிச்சிடுவாங்க. பொங்கலுக்குப் பொங்கல் தனியா ஒரு கோட்டு. பழசச் சுரண்டவே வுட மாட்டாங்க."

எழுபது வருடமாக அந்தக் குடும்பம் யார் யாருக்குக் கும்பிடு போட்டது என்பது மொத்தமும் என் உள்ளங்கையில் இருந்தது. தடிப்பு அளக்கும் வெர்னியர் கருவியில் வைத்தேன். இரண்டு மில்லிமீட்டர். பட்டையின் மேல்பக்கம் இரண்டு, அடிப்பக்கம் இரண்டு, ஆகமொத்தம் நாலு. இருபத்திரண்டில் நாலு போனால் மிச்சம் பதினெட்டு.

ஆறு கர்டரிலும் இரும்பு தெரியும்வரை சவரியைச் சுரண்டச் சொன்னேன். ஆறும் பதினெட்டு. தரையிலேயே உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். முந்நூறு பேர் இருநூறாகிவிட்டார்கள்.

கிருஷ்ணப்பன் அசரவில்லை. "ஒரு பந்திக்கு நூத்தம்பது எல போடறம். நூறாக் கொறச்சிட்டாப் போச்சு."

"நாற்காலிக்குப் பின்னாடி ஒருத்தர், எப்ப எந்திரிப்பாங்கன்னு புடிச்சிக்கிட்டு நிப்பாரே, அவர எங்க கொண்டு போய் வெக்கறது? எலயக் கொறச்சா ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாடியும் ரெண்டு பேர் நிப்பாங்கண்ணே!"

அவரே அப்படி நிற்கிற ஆள்தான். குரலைத் தாழ்த்தினார். "சவரி நம்ம ஆளு, வாயத் தொறக்க மாட்டான். திரும்பப் பெயிண்ட் அடிச்சிட்டா உங்க கணக்கு சரியாயிடுமில்ல?"

சிரிப்பு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடம் சபலப்பட்டேன். சான்றிதழைக் கழற்றினால், பெயிண்ட்டை அளந்து இரும்பு என்று எழுதியவள் என்று மாவட்டம் முழுக்கச் சிரிக்கும். அதற்குப் பிறகு எவன் என்னிடம் வருவான்? கழற்றாவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

அந்த நேரம் பார்த்து மாதையன் வந்தார். ஆவணி முதல் முகூர்த்தம் அவர் மகள் சுசித்ராவுடையது. சமையல்காரருக்கு மாடியைக் காட்டிவிட்டு இறங்கியவர், மாலை போட்ட பிரேமைப் பார்த்து என்னிடம் கேட்டார்: "நீங்கதானுங்களா அது? மேல பந்தி வெக்கலாமுங்களே? ரெண்டு ஊரு சனம் வருதுங்க."

நாற்காலி மேல் ஏறி, மாலையோடு பிரேமைக் கழற்றினேன்.

"வேணாமுங்க. நான் தப்பா அளந்துட்டன். இந்த மாடி அத்தன பேரத் தாங்காது. வெளிய பந்தல் போட்டு பந்தி வெச்சிக்குங்க."

கிருஷ்ணப்பன் குதித்தார். பொம்பளை இன்ஜினியரைக் கூப்பிட்டது தன் தப்பு என்றார், தின்ற பஜ்ஜியைக்கூடச் சொல்லிக்காட்டினார். மாதையன் அண்ணாந்து கர்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ வந்தா?"

"நனைவாங்க."

"செரி. ஆனா எங்க சொந்தக்காரனுங்க இருக்கறானுங்களே, மேல போகாதன்னா மேலதான் போவானுங்க. நீங்களே வந்து தடுங்க."

போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, காலை ஆறு மணிக்கே மாடிப்படியை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எட்டு மணிக்குத் தூறல் பிடித்தது. பந்தலில் சாம்பாரோடு மழைத்தண்ணீரும் கலந்தது. ரசம் தண்ணீராக இருக்கிறது என்று திட்டியவர்கள்கூட என்னைப் பார்த்துத்தான் திட்டினார்கள். "எவளோ ஒருத்தி படியில உக்காந்து உசுர வாங்கறா" என்று என் காதுபடவே பேசினார்கள். நானும் சளைக்கவில்லை, வாய் பேசியவர்களுக்கெல்லாம் வாயாலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒருவரையும் மேலே விடவில்லை.

பத்து மணி வாக்கில் ஒரு பெரியவர் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே வந்தார். கூடவே இரண்டு வாண்டுகள்.

"வழி வுடும்மா. ஆனி மாசம் எம் பேத்தி கல்யாணம் இதே மண்டபத்துலதான். மேல உக்காந்துதான் சாப்புட்டம். மாடி நெறைய கூட்டம், இந்தப் புள்ளைங்க ரெண்டும் மேல ஓடிப்புடிச்சி வெளையாடுச்சிங்க. ஒண்ணும் ஆவுலியே."

வைகாசியில் கையெழுத்து, ஆனி முழுக்க முகூர்த்தம். அத்தனை பேரையும் மேலே ஏற்றிவிட்டது என் சான்றிதழ்தான்.

"ஆகலங்க தாத்தா," என்றேன். "ஆகாம இருந்தது நம்ம நல்ல நேரம்."

"நல்ல நேரத்த ஐயரே பாத்துக் குடுத்தாரு. அப்ப நீ எதுக்கும்மா படிச்ச?"

நாற்காலியை இன்னும் கொஞ்சம் படியோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.