எட்டுப் பேனல்மேல் ஒரு நாவல் நிழல்

அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் உள்ள தெருவில், ரெங்கம்மாள் வீட்டு நாவல் மரத்தை ஜனவரி இருபதாம் தேதி அடியோடு வெட்டி, இரண்டு டிராக்டர்களில் ஏற்றி அனுப்பினார்கள். அதன் நிழல் மட்டும் போகவில்லை. மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு அது வழக்கம்போல மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு அற்புதம்மாளின் மொட்டைமாடியில் வந்து படுத்தது.

மரம் வெட்டப்பட்டது ஒரு மனிதருடைய மூச்சுக்காக. அற்புதம்மாளின் கணவர் சகாயநாதன், மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் இருபத்தாறு வருடம் தவிட்டுத் தூசிக்குள் நின்று வேலை பார்த்தவர். நுரையீரல் இறுகிவிட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் நிம்மதியாகத் தூங்குவார். ஓடும்போதுகூட ஒரு வாக்கியத்தை இரண்டு இடத்தில் நிறுத்தித்தான் சொல்லி முடிப்பார். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அற்புதம்மாள், மாடியில் எட்டு சோலார் பேனலும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு லித்தியம் பேட்டரியும் வைப்பதென்று முடிவு செய்தார். கிழக்கே நாலு மாடி அபார்ட்மென்ட். பத்தரை மணி வரை அது வெயிலை விடாது. மேற்கே நாவல்; மதியத்துக்குப் பிறகு அது விடாது. அபார்ட்மென்ட்டை வெட்ட முடியாது.

ரெங்கம்மாளிடம் இதைக் கேட்க அற்புதம்மாளுக்கு மூன்று வாரம் ஆனது. ரெங்கம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவர். அந்த மரத்தடியில்தான் அவருடைய கிரைண்டர் ஓடியது. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த மாவை வழித்துச் சட்டியில் போட்டார். "சார் மூச்சு விடணும்ல. வெட்டிக்கோங்க டீச்சர்," என்றார். வெட்டிய அன்று அவர் கதவைத் திறக்கவில்லை. அன்றைக்குத் தெருவில் பாதி வீடுகளில் உப்புமா.

அடுத்த வாரம் பேனல்கள் ஏறின. பொருத்தியவள் தென்னூர் சம்ரீன், இருபத்தெட்டு வயது இன்ஜினியர். ஃபோனில் பார்க்கிற ஆப்பில் மின் உற்பத்திக் கோடு பத்தரைக்கு ஏறி, பன்னிரண்டரைக்கு அப்படியே விழுந்தது. பேட்டரி ஒருநாளும் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. ஏதோ இணைப்புக் கோளாறு என்று சம்ரீன் வந்து வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அவள் புறங்கையில் இலை நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது.

"மேடம், இங்க மரம் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீங்க வர்றதுக்கு முந்தின வாரம் வெட்டினோம்."

சம்ரீன் கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சர்வீஸ் படிவத்தில், உற்பத்திக் குறைவுக்குக் காரணம் என்ற இடத்தில் 'நாவல் மர நிழல்' என்றும், மரத்தின் உயரம் என்ற இடத்தில் 'மரம் இல்லை' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அற்புதம்மாளுக்குப் பயம் வரவில்லை. சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மணிக்கொரு தரம் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டுத் தேதி எழுதினார். காற்றடித்தால் நிழல் அசைந்தது, காற்று நின்றால் நின்றது. பிப்ரவரிக் கடைசியில் அது இலை உதிர்த்தது. தரையில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்த அந்தப் பத்து நாளும் பேட்டரி நாற்பது சதவீதம் வரை ஏறியது. மார்ச்சில் துளிர்த்து மறுபடி அடர்ந்தது. ஏப்ரலில் அளந்தபோது சுற்றிலும் நாலு விரல் அகலம் கூடியிருந்தது. செய்தி பரவித் தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள்; ஒருவர் வடாம் காயாதே என்று கவலைப்பட்டுவிட்டுப் போனார். கடைசியாக ரெங்கம்மாள் வந்தார். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு நிழலைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"புயல்ல ஒடிஞ்ச கிளை. இன்னும் அப்படியேதான் தொங்குது," என்றார். பிறகு, "நான் வெட்டச் சொன்னது மரத்தைத்தான் டீச்சர். இதைப் பத்தி என்கிட்ட யாரும் கேக்கல," என்றார்.

அவர் கோபமாகச் சொன்னாரா இல்லையா என்று அற்புதம்மாளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து மாவு வாங்கப் போகவும் கூச்சமாக இருந்தது.

மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் ஆறாம் நாள், மதியம் இரண்டரைக்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பேட்டரி மூன்றேகாலுக்குத் தீர்ந்தது. கைவசம் இருந்த சின்ன சிலிண்டர் நாலு மணிக்குத் தீர்ந்தது. ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றது. அறை சூளையாகக் காய்ந்தது. சகாயநாதன் விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்து நாலு என்று காட்டியது, பிறகு எண்பத்திரண்டு. அற்புதம்மாள் விசிறிக்கொண்டே எண்ணைப் பார்த்தார். விசிறலுக்கு அது அசையவில்லை. மரத்தையும் வெட்டி, மனிதரையும் விட்டுவிடப் போகிறோம் என்ற நினைப்பு வந்ததும் கை நின்றுவிட்டது.

கதவைத் தட்டாமல் ரெங்கம்மாள் உள்ளே வந்தார். பின்னாலேயே இஸ்திரிக் கடை அழகர்சாமியும் வந்தார்.

"கீழ வெந்துக்கிட்டு கெடக்கறதுக்கு மேல தூக்குங்க. அங்க நிழல் இருக்குல்ல," என்றார் ரெங்கம்மாள்.

பிளாஸ்டிக் நாற்காலியோடு சகாயநாதனைத் தூக்கிப் படியேறி, பேனல்களுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே, நிழல் மிக அடர்த்தியாக இருந்த இடத்தில் வைத்தார்கள். எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்று நாலு. கருவி கெட்டுவிட்டதென்று அற்புதம்மாள் தன் விரலில் மாட்டிப் பார்த்தார், ரெங்கம்மாள் விரலிலும் பார்த்தார்; சரியாகத்தான் இருந்தது. அழகர்சாமியை உதவிக்கு வைத்துக்கொண்டு நாற்காலியை ஒரு முழம் வெயிலுக்குள் இழுத்தார். எண்பத்தொன்பது. திரும்ப நிழலுக்குள் தள்ளினார். தொண்ணூற்று நாலு. ஒரு தடவை பார்த்ததை நம்பி அவருக்குப் பழக்கமில்லை. மறுபடியும் இழுக்கப் போனார்.

"அற்புதம், சோதிச்சுப் பாத்தது போதும், என்னை இங்கயே உட்கார விடு," என்றார் சகாயநாதன்.

எங்கேயும் நிற்காமல் சொல்லி முடித்திருந்தார். அதைக் கவனித்த பிறகுதான் அற்புதம்மாள் சூடான தரையில் உட்கார்ந்து அழுதார். ரெங்கம்மாளின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு, "உங்க மரத்தைப் போய் வெட்டச் சொன்னேனே," என்றார்.

"அதுவே கோவிச்சுக்கல, பாருங்க," என்றார் ரெங்கம்மாள். "நான் எதுக்குக் கோவிச்சுக்கப் போறேன்?"

ஐந்து மணிக்கு மேல் வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைப் பரிசோதித்து, ஏற்ற வேண்டியதில்லை என்று சொல்லி, நிழலில் நின்று ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஜூன் முதல் வாரம் சம்ரீன் எட்டுப் பேனல்களையும் கழற்றி, ரெங்கம்மாள் வீட்டு மாடியின் மேற்குப் பாதியில், நிழல் எந்நேரத்திலும் எட்டாத இடத்தில் பொருத்தினாள். வயர் மதிலுக்கு மேலாக இந்தப் பக்கம் வந்தது. பகலில் அதே வெயிலில் ரெங்கம்மாளின் கிரைண்டரும் ஓடுகிறது; மூன்று மணிக்கெல்லாம் பேட்டரி நிறைந்துவிடுகிறது. இரவிலும், மேகம் மூடி நிழல் விழாத நாட்களிலும் சகாயநாதனுக்கு மெஷின். மற்ற நாட்களில் மதியத்திலிருந்து மாடி.

நிழல் கிழக்கே நகர நகர, கால் மணிக்கொரு தரம் அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். சென்ற செவ்வாய்க்கிழமை ரெங்கம்மாள் மாவுக் கையோடு மேலே வந்தபோது, சகாயநாதன் பாதி உடம்பு வெயிலில் இருக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் தள்ளக் கை நீட்டியவரைத் தடுத்து, காலடியில் தரையைக் காட்டினார். கிளை நிழலின் கவட்டில் ஒரு கூட்டின் நிழல். அதன் விளிம்பில் மூன்று சின்ன அலகுகள் திறந்து திறந்து மூடின.

"சத்தம் போடாதீங்க," என்றார் சகாயநாதன். "இப்பதான் தாய்க்காக்கா வந்துட்டுப் போச்சு."

ரெங்கம்மாள் தலையாட்டிவிட்டு, கூட்டின்மேல் கால் படாமல் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தார்.