நாலாவது தட்டு

நாலாவது தட்டை மூன்றாம் முறையாக மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மூன்றாம் முறையும் அதே கதைதான். மருந்து போடாத முதல் தட்டில் ரத்தக்குழாய்ச் செல்கள் கைகோத்து வலை பின்னியிருந்தன. கொஞ்சமாகப் போட்ட இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வலை இன்னும் செழிப்பு. அளவைக் கூட்டிய நாலாவதில் ஒரு இழைகூட இல்லை. செல்கள் சாகவில்லை, ஆளுக்கொரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தன.

அவற்றுக்குச் சேதி வரவில்லை. உடம்புக்குள் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் துடுக்கான மூலக்கூறுகளை ஊரே திட்டுகிறது. அவற்றை அடக்கத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். ஆனால் அந்தத் துடுக்கு கொஞ்சமாவது மிஞ்சினால்தான் ‘வளரு’ என்ற உத்தரவு செல்லுக்குள் போய்ச் சேரும். ஒன்றுவிடாமல் துடைத்தால் உத்தரவும் சேர்ந்து போய்விடும். நவி மும்பை ஐரோலியில் எங்கள் கம்பெனி செய்யும் கேப்சூலும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்தான். ‘புண் சீக்கிரம் ஆறும்’ என்று டப்பாவில் அச்சடிக்கப் போகிறார்கள். புண் ஆறப் புது ரத்தக்குழாய் முளைக்க வேண்டும். அது முளைக்கிறதா என்று சொல்லத்தான் என் ரிப்போர்ட்.

என் மேலதிகாரி ஜெயராம், மாட்டுங்காக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர். படங்களைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஷைஸ்தா, நாலாவதைத் தூக்கிப் போடச் சொல்லலை. கடைசிப் பக்கத்துல, குட்டி எழுத்துல போட்டுடேன். யார் படிக்கப் போறா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வித்தை எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். தாராவியில் எங்கள் வாப்பா ஷேக் பரீத் தோல் பை செய்கிறார். தழும்பு விழுந்த தோல் துண்டை எந்தப் பட்டறையிலும் எறிய மாட்டார்கள். உள்பக்கம் வைத்து, மேலே அஸ்தர் என்கிற உள்துணி போட்டுத் தைத்துவிடுவார்கள். பசை தடவியது நான்தான். பை உழைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் பைக்குக் கால் கிடையாது. வாப்பாவுக்கு உண்டு. சர்க்கரை உடம்பு, குதிகாலில் வெட்டுக்காயம், நோன்பு மாதத்தில் பட்டது இன்னும் மூடவில்லை. ஊழியர்களுக்கு இலவசமாகத் தரும் கேப்சூல் டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுபோனதும் நான்தான். தினம் ஒன்று சாப்பிடு என்று போட்டிருந்தது. உம்மா மூன்று கொடுத்தாள். “மவ கம்பெனி மருந்து, கூடத் தின்னா ஒண்ணும் செய்யாது” என்பது அவள் கணக்கு. இதைப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன்.

“பிளேட் வேற, மனுஷா வேற,” என்றார் ஜெயராம். “உனக்கே தெரியும்.”

தெரியும். வாப்பாவின் புண் ஆறாததற்குக் கேப்சூல்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

“அப்ப நல்லா வந்த பிளேட்ட மட்டும் மனுஷனுக்குன்னு டப்பாவுல போடுதீங்களே சார், அது எப்படி?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியறது. நான்தான் கையெழுத்துப் போடணும்.”

“போடாதீங்க.”

என் மேஜைக்குத் திரும்பி ரிப்போர்ட்டைத் திறந்தேன். நாலாவது தட்டின் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டேன். கீழே என் பெயர். ஜெயராமுக்கும் அவருக்கு மேலே இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் பையை எடுத்தேன்.

வீட்டில் உம்மா நூர் நிஷா உள்ளங்கையில் மூன்று கேப்சூலோடு நின்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிடுங்கி டப்பாவோடு குப்பையில் போட்டேன்.

“கிறுக்குப் புடிச்சிட்டாட்டி உனக்கு?”

வாப்பா அவளைக் கையமர்த்தினார். மொபைலில் வலை பின்னிய தட்டு, வெறும் தட்டு இரண்டின் படத்தையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். தோலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரல் வெறும் தட்டின் மேல் நின்றது.

“இத உள்ள வச்சு தைக்கச் சொன்னானாக்கும்?”

“ஆமா வாப்பா.”

“நீ?”

“மேல வச்சுத் தச்சிட்டேன்.”

மொபைலைத் திருப்பித் தந்துவிட்டு, காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். கட்டைப் பிரிக்கத் தொடங்கினேன். மொபைல் அடித்தது. ஜெயராம். உம்மா என்னைப் பார்த்தாள். அது தரையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. நான் கடைசிச் சுற்றைப் பிரித்து, புண்ணை விளக்குப் பக்கம் திருப்பினேன்.